சாத்தியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? கராஜ் கதவின் பிழையை அறிகுறி பார்த்துத் திருத்துவது

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று ரொறன்ரோவைச் சுற்றி எங்கள் ஆட்கள் இருக்கிற தெருக்களில் கராஜ் கதவு திருத்துவது என் வேலை. களவு போன பிறகு கூப்பிடுகிறவர்கள் வாசலில் வைத்தே சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறது: "தம்பி, கதவு பூட்டித்தானே கிடந்தது, பிறகு எப்படி உள்ளுக்கு வந்தவன்?" எங்கள் பேச்சில் கதவைச் சாத்துவதையும் பூட்டுவது என்றுதான் சொல்லுவோம். அறைக் கதவுக்கு அது பரவாயில்லை. கராஜ் கதவுக்கு அந்தக் குழப்பம் கூடாது.

மோட்டார் வைத்த கதவில் பூட்டு என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதே இல்லை. கராஜுக்குள் போய் கதவை இறக்கிவிட்டு நிமிர்ந்து பாருங்கள். கூரையில் மோட்டார் தொங்கும். அதிலிருந்து கதவு வரைக்கும் ஒரு தண்டவாளம். அதில் சங்கிலியோ பட்டியோ இழுக்க ஓடுகிற சின்ன வண்டி. அந்த வண்டியையும் கதவின் மேல் பலகையையும் ஓர் இரும்புக் கை இணைக்கும். கதவை இறக்கிப் பிடித்திருப்பது வண்டிக்குள் இருக்கும் விரலளவு கொளுக்கிதான். அது விலகினால் கதவு கையோடு வந்துவிடும், ஏனென்றால் கதவின் பாரத்தைச் சுமப்பது மேலே இருக்கிற முறுக்கு ஸ்பிரிங். ஸ்பிரிங் சரியாக இருந்தால் இரண்டு கார் அகலக் கதவைக்கூட ஒரு கையால் தூக்கலாம். உங்களுக்கு இலகு என்றால் கள்ளனுக்கும் இலகு.

இனி உங்கள் கதவில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள்.

மேல் பலகையைத் தள்ளினால் இடைவெளி தெரிகிறது

கதவை இறக்கிவிட்டு வெளியே வந்து, மேல் பலகையின் நடுவில் உள்ளங்கையால் அமத்துங்கள். உள்ளே ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். அமத்தும்போது மேலே கீற்றாக வெளிச்சம் தெரிகிறது என்று அவர் சொன்னால், மற்ற அறிகுறிகளைப் பிறகு பார்க்கலாம், இதை இன்றைக்கே திருத்துங்கள்.

காரணம் அந்தச் சிவப்புக் கயிறு. மின்சாரம் நின்றால் இழுத்துக் கதவைக் கையால் திறப்பதற்காக வண்டியிலிருந்து தொங்குவது. கதவு மூடியிருக்கும் நேரத்தில் வண்டி கதவுக்குக் கிட்ட, ஒன்றிரண்டு அடிக்குள் வந்து நிற்கும். மேல் இடைவெளியால் ஒரு வளைந்த கம்பி நுழைந்தால் அந்தக் கொளுக்கியைக் கொழுவி இழுத்துவிடலாம். கண்ணாடி உடைவதில்லை, சத்தமும் இல்லை. வேலை முடிந்து கள்ளன் கதவை மெதுவாக இறக்கிவிட்டுப் போனால் வீட்டுக்காரர் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிப்பார்.

முதலில் இடைவெளியை ஒழியுங்கள். கதவு கீழே வந்து நிற்கும் எல்லையை மோட்டாரில் கொஞ்சம் கூட்டினாலே சில கதவுகளில் மேல் பலகை சட்டத்தோடு ஒட்டிவிடும். மேலே சுற்றி அடித்திருக்கும் இறப்பர் ஓரம் குளிரில் இறுகி வெடித்திருந்தால் மாற்றுங்கள். மெல்லிய தகட்டுக் கதவு என்றால் பலகையே வளையும். அதற்கு மேல் பலகையின் உள்பக்கம் குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் பூட்ட வேண்டும்.

அடுத்தது கொளுக்கிக்கு மறைப்பு. வண்டிக்கும் கதவுக்கும் நடுவே கம்பி வரும் வழியை மறிக்கிற தகடு கடைகளில் இருக்கிறது. மெல்லிய ஒட்டுப்பலகையில் வீட்டிலேயே வெட்டிப் பூட்டினாலும் சரி, கதவு ஏறி இறங்கும்போது எங்கும் உரசக்கூடாது. உள்ளே நின்று கயிற்றை நேரே கீழே இழுத்தால் கொளுக்கி முன்பு போலவே விலக வேண்டும். இழுத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

கொளுக்கியை மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டியால் கட்டிவிடும் வழியும் பரவலாக இருக்கிறது. நான் அதை இரண்டாம் தரமாகத்தான் வைப்பேன். கட்டுவதென்றால் ஆக மெல்லிய பட்டியாக எடுங்கள், வீட்டில் ஆகப் பலம் குறைந்தவர் தொங்கி இழுத்தால் அறுகிறதா என்று பாருங்கள், அறுந்தால் புதிதாக ஒன்று கட்டுங்கள். கயிற்றை வெட்டி எறிவது மட்டும் வேண்டாம். மோட்டார்களுக்கான யூஎல் 325 பாதுகாப்புத் தரமே கையால் விடுவிக்கும் வழி இருக்க வேண்டும் என்கிறது. 2013 டிசம்பர் பனிமழைப் புயல் ஞாபகம் இருக்கும். நத்தார் நேரத்தில் ரொறன்ரோவில் நாள்கணக்காக மின்சாரம் இல்லை. அப்போது கயிறில்லாத ஒரு கராஜில், மேசைக்கு மேல் கதிரை வைத்து ஏறி நின்று, குறட்டால் கொளுக்கியை நெம்பினேன். காருக்குள் அந்த வீட்டு அம்மம்மா கோட்டோடு இருந்தார், வைத்தியசாலைக்குப் போக.

வேறு வாசல் இல்லாத தனிக் கராஜ்களில் கதவின் மேல் நடுவே வெளியிலிருந்து திறப்புப் போடும் வட்டமான சின்னப் பூட்டு இருக்கும். மின்சாரம் நின்றால் வெளியிலிருந்தே கொளுக்கியை விடுவிப்பதற்கு அது. ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மாற்றுங்கள்.

இரவு சாத்திய கதவு காலையில் திறந்து கிடக்கிறது

பேய், கள்ளன், பக்கத்து வீட்டு ரிமோட் என்று மூன்று சந்தேகமும் ஒன்றாக வரும். நான் பார்த்தவற்றில் அடிக்கடி நடப்பது வேறு: கதவு முழுக்க இறங்கவே இல்லை. பொத்தானை அமத்திவிட்டு நீங்கள் திரும்பிப் போய்விட்டீர்கள், கதவு பாதி வந்து மறுபடி மேலே போய்விட்டது.

வாசலின் இரண்டு பக்கத்திலும், தரையிலிருந்து 15 சென்ரிமீற்றருக்குள், ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்னக் கண்கள் இருக்கும். பிள்ளைகள் கதவுக்கு அடியில் அகப்பட்டு இறந்ததால் வந்த ஏற்பாடு. அமெரிக்காவில் 1993இலிருந்து வீட்டு மோட்டார்களுக்கு இதைப் போன்ற பாதுகாப்பு கட்டாயம். இங்கே விற்கிற மோட்டார்களிலும் அதேதான். நடுவே சிலந்தி வலை, பனி அள்ளும் சவள், பிள்ளையின் சைக்கிள் சில்லு, எது வந்தாலும் கதவு இறங்காது.

சோதிப்பது சுலபம். சுவர்ப் பொத்தானை விடாமல் அமத்திப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் இறங்கி, ஒருமுறை தொட்டுவிட்டால் இறங்காமல் திரும்பினால், பிழை கண்களில்தான். மோட்டாரின் மின்குமிழும் மினுங்கிக் காட்டும், பல மோட்டார்களில் பத்துத் தடவை. கண்களைத் துடையுங்கள். ஒரு கண்ணின் விளக்கு அணைந்தோ துடித்தோ இருந்தால், சுரையைத் தளர்த்தி, அது நிலையாக எரியும் வரை மெல்லத் திருப்பி இறுக்குங்கள். பின்னேர வெயில் நேரே விழுகிற கராஜ்களில் அந்த நேரத்தில் மட்டும் பிழைக்கும். கண்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் பூட்டினால் தீர்ந்துவிடும்.

மாரியில் இன்னொரு காரணம் உண்டு. காரிலிருந்து உருகி விழுந்த தண்ணீர் வாசலில் உறைந்து வரப்பாக நிற்கும். கதவு அதில் முட்டி, ஏதோ இடையில் அகப்பட்டது என்று நினைத்துத் திரும்பிவிடும். எல்லையையும் விசையையும் மாற்ற வேண்டாம், ஐஸை உடையுங்கள். மோட்டாரின் விசையைக் கூட்டி ஐஸை அமத்த வைத்தவர்களின் கதவு, நாளைக்கு ஒரு பிள்ளையின் காலையும் அப்படியே அமத்தும்.

உங்கள் கண் முன்னே முழுக்க இறங்கிய கதவு பிறகு தானாகத் திறந்தால், அது வேறு பிழை. சுவர்ப் பொத்தானுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டு ஓரிரவு பாருங்கள். திறக்கவில்லை என்றால் கம்பியில் எங்கோ ஆணி குத்தியிருக்கிறது, அல்லது பொத்தான் ஒட்டிக்கொள்கிறது. அப்படியும் திறந்தால் எல்லா ரிமோட்டிலிருந்தும் பற்றரியைக் கழற்றுங்கள். சோபா இடுக்கில் கிடக்கும் ரிமோட்டுக்கு மேலே மாமா இருந்த கதை உண்மையிலேயே நடந்தது.

ரிமோட்டைத் திறந்தால் உள்ளே குட்டி ஆளிகள் வரிசையாக இருக்கின்றன

பழைய வீடு, பழைய மோட்டார். 8 முதல் 12 வரை சின்ன வெள்ளை ஆளிகள். ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே. 12 ஆளி என்றால் மொத்தமே 4096 சேர்க்கைதான். ரிமோட் ஒவ்வொரு முறையும் அதே இலக்கத்தைத்தான் கத்தும். 2015இல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், சிறுமிகள் செய்தி அனுப்ப விற்ற ஐஎம்-மீ என்ற விளையாட்டுப் பொருளை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட கதவுகளைப் பத்துச் செக்கனுக்குள் திறக்கலாம் என்று காட்டினார். அதற்கு ஆளிகளை மாற்றி வைப்பது மருந்தல்ல.

பிறகு வந்த மோட்டார்கள் உருளும் குறியீடு பாவிக்கின்றன. அமத்தும் ஒவ்வொரு தடவையும் புது இலக்கம் போகும். ஒருமுறை பாவித்த இலக்கத்தைப் பதிந்துவைத்துத் திரும்ப அனுப்பினால் மோட்டார் ஏற்காது. லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லெயின் மோட்டார் என்றால் பின்பக்கத்தில் 'லேர்ன்' என்ற பொத்தானின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள், ஊதா, சிவப்பு அல்லது செம்மஞ்சள் என்றால் உருளும் குறியீடு. பச்சை என்றால் 1990களின் நடுப்பகுதிக் காலத்தது, உருளாது. மோட்டாரை மாற்றக் காசு இல்லையென்றால் உருளும் குறியீட்டு வாங்கிப்பெட்டி, அதாவது ரிமோட்டின் அலையைப் பிடிக்கும் பெட்டி, ஒன்றைத் தனியாக எடுத்து, சுவர்ப் பொத்தானின் கம்பி பூட்டும் இடத்திலேயே பூட்டலாம். பூட்டிய பிறகு மோட்டாரின் பழைய வாங்கி வேலை செய்யாதபடி நிற்பாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பழைய ரிமோட்டும் திறந்துகொண்டேதான் இருக்கும்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எங்கள் தெருக்களில் களவெடுக்கிறவன் வானொலி அலையோடு மினக்கெடுவதை நான் கண்டதில்லை. அவனுக்கு வேண்டியது காருக்குள் தொங்குகிறது.

ரிமோட் தொலைந்தது, கார் உடைபட்டது, அல்லது வீட்டைப் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள்

வெளியே நிற்கும் காரின் வெயில் மறைப்பில் கராஜ் ரிமோட். கையுறைப் பெட்டிக்குள் பதிவுப் பத்திரமும் காப்புறுதிச் சீட்டும், அவற்றில் வீட்டு விலாசம். காரைக் கடைத் தொகுதியில் வைத்து உடைத்தாலும் வீட்டைத் தேடி வரலாம்.

மோட்டாரின் நினைவை முழுதாக அழியுங்கள். மேலே சொன்ன மோட்டார்களில் 'லேர்ன்' பொத்தானைக் கிட்டத்தட்ட 6 செக்கன், பக்கத்து விளக்கு அணையும் வரை, அமத்திப் பிடித்தால் போதும். எல்லா ரிமோட்டும், வெளியே இருக்கும் இலக்கப் பலகையும் மறந்துபோகும். பிறகு உங்களிடம் இருப்பவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள்: பொத்தானை ஒருமுறை தொட்டுவிட்டு, அரை நிமிடத்துக்குள் ரிமோட்டை அமத்த வேண்டும், மின்குமிழ் மினுங்கும். வேறு மோட்டார்களில் முறை கொஞ்சம் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

புது வீட்டில் திறப்பு வாங்கிய அன்றைக்கே இதைச் செய்யுங்கள். முன்வாசல் பூட்டை மாற்றி, பால் காய்ச்சி, சாமிப்படம் வைத்து எல்லாம் முடித்திருப்பார்கள். பழைய வீட்டுக்காரரின் மருமகனுடைய காரில் ரிமோட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். கைபேசியால் திறக்கும் மோட்டார் என்றால் பழையவரின் கணக்கும் அதில் இருக்கும். அதையும் நீக்குங்கள். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தவர்கள் போனாலும் இதே வேலைதான். காரை விற்கும்போது கண்ணாடிக்கு மேலே இருக்கும், ரிமோட் போலவே கதவைத் திறக்கும் ஹோம்லிங்க் பொத்தான்களில் வெளி இரண்டையும் சேர்த்து 20 செக்கன் வரை, விளக்கு மினுங்கும் வரை, அமத்திப் பிடித்தால் அதுவும் அழிந்துவிடும்.

காரில் பெரிய ரிமோட்டை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு, திறப்புக் கோர்வையில் கொழுவும் சின்ன ரிமோட் இருக்கிறது. உங்களோடு வீட்டுக்குள் வந்துவிடும்.

இலக்கப் பலகையில் நாலு இலக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது

நாலு இலக்கம் எவை என்று தெரிந்தால் 10,000 சேர்க்கை 24 ஆகச் சுருங்கிவிடும். தேய்ந்தவை 1, 9, 8, 3 என்றால் அது யாருடைய பிறந்த வருடம் என்று ஊகிக்க 24 தடவைகூட வேண்டாம். பலகையைத் துடைத்து, வேறு இலக்கங்களாக மாற்றுங்கள். ஐந்து, ஆறு இலக்கம் ஏற்கிற பலகை என்றால் அதைப் பாவியுங்கள். துப்புரவு செய்ய வருபவர், பனி அள்ளுபவர், பிள்ளையின் சிநேகிதர் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று எண்ணினால், வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றத் தோன்றும்.

கதவு ஒரு அடி திறந்தபடியே கிடக்கிறது

இது எங்கள் வீடுகளுக்கே உரிய பிழை. கராஜ் எங்களுக்கு இரண்டாவது குசினி. மீன் பொரிக்க, மிளகாய் வறுக்க, ஐம்பது பேருக்கு ஆட்டிறைச்சி காய்ச்ச, வீட்டுக்குள் மணக்கக்கூடாது என்று அடுப்பை அங்கே வைத்து, புகை போகக் கதவை ஒரு அடி தூக்கி விடுவார்கள். சமையல் முடியும், சாப்பாடு முடியும், கதவு விடியும்வரை அப்படியே நிற்கும். ஒரு அடி இடைவெளியில் மெலிந்த ஆள் உருண்டு உள்ளே வரலாம்.

பூட்டு, மறைப்பு ஒன்றும் இதற்கு உதவாது. கதவு திறந்திருந்தால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று போடுங்கள், அல்லது குறித்த நிமிடத்தில் தானாக இறக்கும் வசதியை மோட்டாரில் இயக்குங்கள். பாதியில் நிறுத்திய கதவைத் தானாக இறக்குகிறதா என்று பரிசோதித்துப் பாருங்கள், சிலவற்றில் முழுக்கத் திறந்த கதவுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். காஸ் அடுப்பைப் பற்றி நான் கதைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ஒரு அடி இடைவெளி கார்பன் மொனொக்சைட்டுக்குப் போதாது. அடுப்பை வெளியில் வையுங்கள்.

பாதி உயரத்தில் விட்டால் கதவு விழுகிறது

கதவு இறங்கியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்து, கையால் இடுப்பளவு தூக்கி, கவனமாகக் கையைத் தளர்த்துங்கள். நல்ல கதவு அங்கேயே நிற்கும். விழுந்தால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை ஏறி இறங்கும் என்ற கணக்கில் செய்யப்படுவது. நாளுக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடம்கூட வராது. பாரம் தாங்காத மோட்டார் ஒருநாள் நிற்கும், கதவு திறந்தபடி நிற்கும். ஸ்பிரிங்கை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். முறுக்கேறிய அந்தக் கம்பியிடம் விரலைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு தானாகச் சாத்துவதில்லை

ஒன்ராறியோ கட்டடச் சட்டத்தொகுப்பின்படி வீட்டோடு ஒட்டிய கராஜின் இந்தக் கதவு தானாகச் சாத்தும் அமைப்போடும், வாயு கசியாத ஓரங்களோடும் இருக்க வேண்டும். கார்ப் புகைக்காக வந்த விதி அது. பாதுகாப்புக்கும் உதவுகிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் சப்பாத்து ஒன்றை அண்டை கொடுத்துத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். பிணைச்சலில் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சின்ன அலன் சாவியால் முறுக்கேற்றலாம், ஐந்து நிமிட வேலை.

பூட்டையும் பாருங்கள். வெறும் குமிழ்ப் பூட்டு என்றால் முன்வாசலில் இருப்பது போன்ற தடித்த நாக்குப் பூட்டு ஒன்று போடுங்கள். நாக்கு நுழையும் தகட்டின் ஆணிகளைக் கழற்றிப் பாருங்கள், முக்கால் அங்குலம்தான் இருக்கும். அவை அலங்காரச் சட்டத்தோடு நின்றுவிடும், ஓர் உதைக்குக் காணாது. 3 அங்குலத் திருகாணி போட்டால் சுவருக்குள் இருக்கும் மரத்தைப் பிடிக்கும். செலவு ஒரு கோப்பிக் காசு. கராஜுக்குள் வந்தவனுக்கு உங்கள் அலவாங்கும் ஏணியும் சுவரில் ஆயத்தமாகத் தொங்குகின்றன என்பதை மறவாதீர்கள். இந்த ஒரு கதவுக்குத்தான் நான் வாடிக்கையாளரோடு சண்டை பிடிப்பேன்.

மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறோம்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஆவணியில் போய்ப் புரட்டாதியில் வருகிறவர்கள் இதைச் செய்யலாம். கதவின் உள்பக்கத்தில், தண்டவாளத் துளைக்குள் நுழைகிற பக்கத் தாழ்ப்பாள் இருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கடையில் வாங்கிப் பூட்டலாம். அதற்கு முதல் மோட்டாரின் பிளக்கைக் கழற்றுங்கள். தாழ்ப்பாள் போட்டதை மறந்து யாராவது ரிமோட்டை அமத்தினால் மோட்டார் கதவோடு மல்லுக்கட்டும், மேல் பலகை வாழையிலை போல மடியும். சுவர்ப் பொத்தானில் இருக்கும் பூட்டு அடையாளத்தை அமத்தினால் ரிமோட்டுகள் வேலை செய்யா, அது நல்லது. ஆனால் சிவப்புக் கயிற்றை அது தடுக்காது, அதனால் தாழ்ப்பாளுக்கு ஈடல்ல.

இதெல்லாம் செய்துவிட்டு முன்வாசல் வழியாக வெளியேறுங்கள், முன்வாசல் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. வருடக்கணக்காகக் கராஜாலேயே போய் வந்தவர்களுக்கு அந்தத் திறப்பு எங்கே என்றே தெரியாது. போன வருடம் விமான நிலையத்திலிருந்து இரவு இரண்டு மணிக்கு எனக்கு ஒரு அழைப்பு வந்தது. ஐந்து பேர், பதினொரு பெட்டி, குசினிச் சுவரில் தொங்கும் திறப்பு.